நிறைமாதத்தில் மலைப்பாதை... வலி வரும் முன்பே போட வேண்டிய கணக்கு!

*பூம்பாறை போன்ற மலைக்கிராமங்களில் இருக்கும் கர்ப்பிணிகளும் குடும்பத்தினரும் கடைசி மூன்று மாதங்களில் தெரிந்துகொள்ள வேண்டியவை*

பூம்பாறை கோயிலில் இருக்கும் முருகனுக்குப் பெயரே குழந்தை வேலப்பர். கோயிலைச் சுற்றி நெருக்கமாக வீடுகள், அவற்றைச் சுற்றி படிப்படியாக இறங்கும் தோட்டங்கள். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு என்று பச்சைப்பசேலென விரியும் அந்தக் காட்சியைப் படம் எடுக்க, கொடைக்கானல் வரும் சுற்றுலாப் பயணிகள் சாலையோரம் வண்டியை நிறுத்துகிறார்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் ஊர்களில் பூம்பாறையும் ஒன்று.

பார்க்க வருபவர்களுக்கு மலை அழகு. அங்கேயே வாழும் நிறைமாத கர்ப்பிணிக்கு அதே மலை தூரமாகவும் நேரமாகவும் தெரியும்.

பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் சுமார் 20 கிலோமீட்டர். வளைந்து நெளிந்து செல்லும் காட்டுப்பாதை. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்க இன்னும் 50 கிலோமீட்டருக்கு மேல். திண்டுக்கல், தேனி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாமே அதற்கும் அப்பால், சமவெளியில். மூடுபனி, மழை, விழுந்து கிடக்கும் மரம், விடுமுறை நாள் நெரிசல் என எதுவும் இல்லாவிட்டால்கூட பூம்பாறையிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

பிரசவத்துக்குப் பின் ஏற்படும் கடுமையான ரத்தப்போக்கு, சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிரைப் பறித்துவிடக்கூடியது. இந்த இரண்டு நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். நகரத்துப் பெண் ‘வலி வந்ததும் கிளம்பலாம்’ என்று இருக்கலாம். மலையில் இருக்கும் பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது. எங்கே போவது, எப்படிப் போவது, யாருடன் போவது, எப்போது போவது என்ற நான்கு கேள்விகளுக்கும் வலி வருவதற்கு முன்பே பதில் வேண்டும்.

மூன்று தாமதங்கள்

பிரசவத்தில் தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்று உலகெங்கும் ஆராய்ந்தவர்கள் ‘மூன்று தாமதங்கள்’ என்று ஒன்றைச் சொல்கிறார்கள். 1994-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் வரும் தாமதம் முதலாவது. போய்ச் சேர்வதில் வரும் தாமதம் இரண்டாவது. சேர்ந்த இடத்தில் சரியான சிகிச்சை கிடைப்பதில் வரும் தாமதம் மூன்றாவது.

மலைக்கிராமம் என்றதும் எல்லோருக்கும் இரண்டாவது தாமதம்தான் நினைவுக்கு வரும். கொடைக்கானல் அருகே வெள்ளகவி போல நீண்ட காலம் சாலையே இல்லாமல் இருந்த கிராமங்களில், கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு நடந்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. பூம்பாறைக்குச் சாலை இருக்கிறது, பேருந்து இருக்கிறது, ஜீப் இருக்கிறது. ஆனால், சாலை இருப்பதாலேயே ‘பார்த்துக்கலாம்’ என்ற எண்ணமும் வந்துவிடுகிறது.

“அவர் தோட்டத்துல இருந்து வரட்டும்”, “இது சூட்டு வலியாத்தான் இருக்கும்”, “விடியட்டும், போகலாம்” - இந்தப் பேச்சுகள் எல்லாம் முதல் தாமதம். இந்தத் தாமதத்தைக் குறைக்க காசு வேண்டாம், வண்டி வேண்டாம். குடும்பம் ஒருநாள் உட்கார்ந்து பேசினால் போதும். கணவர் ஊரில் இல்லாதபோது யார் முடிவெடுப்பது, ராத்திரி இரண்டு மணிக்கு யாரை எழுப்புவது, மூத்த குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்பதையெல்லாம் ஏழாம் மாதத்திலேயே பேசி வைத்துவிட வேண்டும். முக்கியமாக, ‘எனக்கு என்னவோ சரியில்லை’ என்று கர்ப்பிணி சொன்னாலே கிளம்பிவிடுவது என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைசி மூன்று மாதங்களில் உடம்பு என்ன சொல்லும்?

28-வது வாரத்திலிருந்து கடைசிக் கட்டம் தொடங்குகிறது. கர்ப்பப்பை மேலே ஏறி நுரையீரலையும் இரைப்பையையும் நெருக்குவதால், மேடான தெருவில் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். சாப்பிட்டதும் நெஞ்சு எரியும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு வேளையாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது உதவும். இடுப்பு வலி, கெண்டைக்கால் பிடிப்பு, அடிக்கடி சிறுநீர், விட்டுவிட்டு வரும் தூக்கம் எல்லாம் இந்தக் கட்டத்தில் பலருக்கும் வருபவை. குளிருக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு அதிகம்.

மல்லாந்து படுக்கும்போது கர்ப்பப்பையின் எடை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும். அதனால் 28-வது வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுப்பது நல்லது. தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிட்டால் பயப்பட வேண்டாம். விழிப்பு வந்ததும் திரும்பிப் படுத்தால் போதும்.

மாலையில் பாதம் லேசாக வீங்கி, காலையில் வடிந்துவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை. ஆனால், முகமும் கைகளும் வீங்கினால், மோதிரம் கழற்ற முடியாமல் இறுகினால் உடனே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு தேவை.

தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடப்பதும், உட்கார்ந்து பூண்டு தரம் பிரிப்பது போன்ற லேசான வேலைகளும், மருத்துவர் தடை சொல்லாதவரை பிரச்னை இல்லை. மூட்டை தூக்குவது, ஈரமான படிக்கட்டுத் தோட்டத்தில் ஏறி இறங்குவது, வெகுநேரம் குனிந்தே வேலை செய்வது ஆகியவற்றை நிறுத்திவிட வேண்டும். மருந்து அடிக்கும் நாளில் தோட்டத்துப் பக்கமே போகக் கூடாது. மருந்து அடித்தவரின் துணியைக் கர்ப்பிணி துவைக்கவும் கூடாது.

குழந்தையின் அசைவுதான் தாய்க்குக் கிடைக்கும் முக்கியமான தகவல். தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்ட பிறகு ஒருக்களித்துப் படுத்து எண்ணிப் பார்க்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் 10 அசைவு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றாலோ, வழக்கத்தைவிட அசைவு குறைந்துவிட்டது என்று தோன்றினாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ‘கடைசி மாதத்தில் இடம் இல்லாததால் குழந்தை அசையாது’ என்று சொல்வது தவறு. அசைவின் விதம் மாறலாம், குறையக் கூடாது.

ரத்தம் முக்கியம்

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ரத்தம் குறைவாக இருக்கும் பெண்ணுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் ஆபத்து பெரிது. மருத்துவமனையிலிருந்து தூரத்தில் இருப்பவர்களுக்கு இது இரட்டை ஆபத்து.

இரும்புச்சத்து மாத்திரையை டீயோடும் பாலோடும் சாப்பிட்டால் சத்து உடம்பில் சேராது. குளிருக்கு அடிக்கடி டீ குடிக்கும் மலைவாசிகள், மாத்திரைக்கும் டீக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லி, கொய்யா என வைட்டமின் சி உள்ளவற்றோடு எடுத்தால் நன்றாகச் சேரும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளையில் தனியாகச் சாப்பிட வேண்டும். மாத்திரையால் வயிறு பிரட்டினால் தூக்கிப் போடாமல் செவிலியரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை போதாதவர்களுக்கு ஊசி மூலம் இரும்புச்சத்து ஏற்றும் வசதியும் அரசு மருத்துவமனைகளில் உண்டு.

நெகட்டிவ் ரத்த வகை என்றால், அதே வகை ரத்தம் உள்ள இரண்டு பேரின் தொலைபேசி எண்களாவது வீட்டில் இருக்க வேண்டும். பிரசவம் நடக்கப்போகும் மருத்துவமனைக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

தேதி மட்டும் போதாது, பருவமும் பார்க்க வேண்டும்

கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் பிரசவத் தேதி வரும். பிப்ரவரி 10 என்றால் நவம்பர் 17. ஆனால், குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு, நூற்றுக்கு நாலைந்துதான். 37-வது வாரம் முடிந்துவிட்டால் எந்த நாளிலும் வலி வரலாம். அதனால் ஒரு தேதியை மட்டும் பார்க்காமல், அதற்கு முந்தைய மூன்று வாரங்களையும் காலண்டரில் வட்டமிட்டு வைக்க வேண்டும்.

அந்த வாரங்கள் எந்தப் பருவத்தில் வருகின்றன? அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் வடகிழக்குப் பருவமழை. மண் சரியும், மரம் விழும். 2018 நவம்பர் 16-ம் தேதி கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களோடு நிற்காமல் கொடைக்கானல் மலையையும் தாக்கியது. மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன, மின்சாரம் போனது. அப்படி ஒரு நாளில் வலி வந்தால், வாசலில் வண்டி நின்றாலும் பயனில்லை.

ஏப்ரல், மே என்றால் கோடை சீசன். கொடைக்கானல் ஊருக்குள் நுழையவே வாகனங்கள் ஊர்ந்து செல்லும் நாட்கள் உண்டு. நெரிசலைக் கட்டுப்படுத்த, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. கர்ப்பிணியை அழைத்துப் போக சமவெளியிலிருந்து சொந்தக் காரில் வரப்போகும் அண்ணனோ, சித்தப்பாவோ அதையும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். டிசம்பர், ஜனவரி என்றால் மூடுபனியும் உறைய வைக்கும் குளிரும். இரவுப் பயணம் மெதுவாகத்தான் இருக்கும்.

வலிக்காகக் காத்திருப்பதை மருத்துவமனை அருகே காத்திருக்கலாம்

இதற்குத் தீர்வு எளிது. உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருப்பதும்கூட. தூரத்து ஊர்ப் பெண்கள் பிரசவத் தேதிக்கு முன்பே மருத்துவமனைக்கு அருகே வந்து தங்கிவிடுவது. கியூபா 1962-லேயே கிராமத்துக் கர்ப்பிணிகளுக்காக இத்தகைய தாய்மை இல்லங்களைத் தொடங்கியது. எத்தியோப்பியா போன்ற மலைநாடுகளிலும் இவை இருக்கின்றன. தமிழ்நாட்டிலும் தேசிய நல்வாழ்வுக் குழுமத்தின் மூலம் மலைப்பகுதி, பழங்குடிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறைகள் அமைக்கப்பட்டன. கர்ப்பிணி ஒரு துணையோடு முன்கூட்டியே வந்து தங்கலாம். பக்கத்தில் இப்படி எங்கே இருக்கிறது என்று கிராம சுகாதார செவிலியரிடம் ஏழாம் மாதமே கேட்டுவிடலாம்.

அறை கிடைக்காவிட்டால் உறவினர் வீடு. கொடைக்கானலிலோ, வத்தலக்குண்டிலோ, திண்டுக்கல்லிலோ சித்தி, பெரியம்மா, நாத்தனார் வீடு இருந்தால், தேதிக்குப் பத்து நாட்களுக்கு முன்பே போய்விடலாம். எங்கே தங்குவது, எப்போது இறங்குவது என்பதை 36-வது வாரப் பரிசோதனையில் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். குழந்தையின் தலை கீழே இருக்கிறதா, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் எவ்வளவு என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

முதல் பிரசவம் சிசேரியனாக இருந்தவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், குழந்தை குறுக்கே அல்லது கால் கீழாக இருப்பவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், முந்தைய பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு ஏற்பட்டவர்கள் ஆகியோர் இன்னும் முன்பாகவே இறங்க வேண்டும். இவர்கள் தேர்வு செய்யும் மருத்துவமனையில் 24 மணி நேரமும் அறுவை சிகிச்சை செய்ய முடியுமா, மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா, ரத்தம் இருக்குமா, பச்சிளம் குழந்தைப் பிரிவு உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ‘சீமாங்க்’ மையம் என்று அழைக்கப்படும் அரசு மருத்துவமனைகள் இத்தகைய அவசரப் பிரசவ சிகிச்சைக்காகவே உருவாக்கப்பட்டவை. அருகில் இருப்பது எது என்று செவிலியர் சொல்வார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். சமவெளியிலிருந்து மலைக்கு மருமகளாக வந்த பெண்ணுக்கு இது தானாகவே பாதுகாப்பாக அமைந்துவிடுகிறது. சிக்கல், மலையில் பிறந்து சமவெளியில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குத்தான். மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருந்தவரை, வளைகாப்பு முடிந்த கையோடு தூரத்துக்கு அழைத்து வருகிறோம். வளையல் போட்டு, சோறு கட்டி, சீரோடு தாய்வீட்டுக்கு அழைத்து வரலாம். கொஞ்ச நாள் வைத்துத் தாங்கலாம். பிரசவத்துக்கு மட்டும் கீழேயே இறக்கிவிட்டு, அம்மா கூடப் போய்த் தங்குவதில் குறையொன்றும் இல்லை. ஊர் மாறும்போது தாய் சேய் நல அட்டையையும் ஸ்கேன் அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு, புதிய ஊரின் செவிலியரிடம் உடனே பதிவு செய்ய வேண்டும்.

சூட்டு வலியா, பிரசவ வலியா?

கடைசி வாரங்களில் வயிறு அவ்வப்போது கல்லாக இறுகித் தளரும். நடந்தாலோ, தண்ணீர் குடித்துப் படுத்தாலோ அடங்கிவிட்டால் அது சூட்டு வலி. பிரசவ வலி அடங்காது. இடைவெளி குறைந்துகொண்டே வரும், வலியின் நேரமும் வலுவும் கூடிக்கொண்டே போகும். பெரும்பாலும் இடுப்பில் தொடங்கி அடிவயிற்றுக்கு வரும். ரத்தம் கலந்த சளி போன்ற கசிவும் தெரியலாம்.

சுக்குக் கஷாயமோ சீரகக் கஷாயமோ கொடுத்து, வலி நிற்கிறதா பார்ப்பது வீட்டுப் பெரியவர்களின் பழைய வழி. மருத்துவமனை பத்து நிமிட தூரத்தில் இருப்பவர்கள் அப்படிப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம் என்ற கணக்கும் நகரத்துக்குச் சரி. பூம்பாறையில் கஷாயம் கொதிக்கும் நேரத்தில் பாதி தூரம் போய்விடலாம். வலி ஓர் ஒழுங்குக்கு வருகிறது என்று தெரிந்ததுமே கிளம்ப வேண்டும். இரண்டாவது, மூன்றாவது பிரசவம் என்றால் இன்னும் சீக்கிரம்; அவை வேகமாக நடந்து முடியும். போய்ப் பார்த்துவிட்டு ‘இது சூட்டு வலிதான்’ என்று திருப்பி அனுப்பினால், அது வீண் அலைச்சல் இல்லை. ஒருமுறை ஒத்திகை பார்த்தது போலத்தான்.

ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாதவை

- எந்த அளவிலும் ரத்தப்போக்கு
- தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், பூச்சி பறப்பது போலத் தெரிதல், மேல்வயிற்று வலி
- வலிப்பு, மயக்கம்
- பனிக்குடம் உடைதல் - வலி இல்லாவிட்டாலும். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்னும் அவசரம்
- குழந்தையின் அசைவு குறைதல் அல்லது நிற்றல்
- காய்ச்சல், கடுமையான மூச்சுத்திணறல்
- 37 வாரம் முடிவதற்கு முன்பே வலி

வண்டியும் வழியும்

108 ஆம்புலன்ஸை அழைக்கும்போது பதற்றத்தில் வார்த்தை வராது. ஊர், தெரு, அடையாளம், எத்தனை மாதம், ரத்த வகை, என்ன பிரச்னை என்பதை ஒரு தாளில் எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டி வைக்கலாம். வீட்டில் எந்த மூலையில் சிக்னல் கிடைக்கும், எந்த நிறுவனத்தின் இணைப்பு அங்கே எடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஜீப் வைத்திருக்கும் இரண்டு பேரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்; ஒருவர் லோடு ஏற்றிப் போயிருந்தால் இன்னொருவர். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால், ஜீப்பில் கிளம்பி வழியில் எந்த இடத்தில் சந்திப்பது என்று 108 ஊழியர்களிடமே கேட்கலாம். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104 எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

வளைவுப் பாதையில் குமட்டும் என்பதால் வயிறு நிறையச் சாப்பிடாமல், லேசாகச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டும். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, தொடைப்பகுதியில் வர வேண்டும். வலியோடு போகும்போது இடதுபுறம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. விவரம் தெரிந்த பெண் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும்.

வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டால்? வண்டியை நிறுத்தி, 108-ஐ அழைத்து, போனைத் துண்டிக்காமல் அவர்கள் சொல்வதைச் செய்ய வேண்டும். குழந்தையை இழுக்கக் கூடாது. பிறந்ததும் சுத்தமான துணியால் துடைத்து, தாயின் வெற்று மார்பில் படுக்க வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். அழவில்லை என்றால் முதுகைத் தேய்த்துவிட வேண்டும். கையில் கிடைத்த பிளேடால் தொப்புள்கொடியை அறுக்கக் கூடாது. நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. அப்படியே மருத்துவமனைக்குப் போகலாம்.

பையில் என்னென்ன?

34-வது வாரமே பை தயாராக இருக்க வேண்டும்.

- தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், கர்ப்பிணிப் பதிவு எண், ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல்
- சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகள்
- தாய்க்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி, உள்ளாடைகள், பெரிய நாப்கின்கள், சால்வை, காலுறை
- குழந்தைக்குத் துவைத்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணிகள், தொப்பி, காலுறை, கையுறை, இரண்டு கனமான போர்வைகள்
- டார்ச், போன் சார்ஜர், பிளாஸ்க், ரொக்கப் பணம்

புதுத்துணியைப் பிறப்பதற்கு முன் வாங்கக் கூடாது என்று நினைக்கும் வீடுகளில், பாட்டியின் பழைய பருத்திச் சேலையைத் துவைத்து மடித்து வைத்தால் போதும். அதைவிட மெத்தென்ற துணி கடையிலும் கிடைக்காது.

கர்ப்பிணிப் பதிவு எண் பிறப்புச் சான்றிதழுக்கும் தேவை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுள்ள கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி கிடைக்கிறது. எந்தத் தவணை எப்போது வரும் என்று செவிலியரிடம் கேட்டு, அதில் ஒரு பகுதியைக் கடைசி நாட்களின் தங்கும் செலவுக்கும் வண்டிச் செலவுக்கும் தனியே எடுத்து வைக்கலாம். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், உணவு எல்லாம் இலவசம். குழந்தையோடு வீடு திரும்பவும் 102 ஊர்தி உண்டு.

குளிர் ஊரில் குட்டிக் குழந்தை

கர்ப்பப்பையின் கதகதப்பிலிருந்து வந்த குழந்தைக்கு மலைக்குளிர் பெரிய அதிர்ச்சி. அதற்கான சிறந்த போர்வை தாயின் உடம்புதான். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே என்ற மருத்துவர், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு ஒட்ட வைத்துக் காக்கும் ‘கங்காரு’ முறையைத் தொடங்கினார். பொகோட்டாவும் மலை நகரம்தான். கொடைக்கானலைவிட உயரத்தில் இருக்கிறது. எடை சரியாக உள்ள குழந்தைக்கும் இந்த அணைப்பு நல்லது. அப்பாவும் பாட்டியும்கூட மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

பிறந்ததும் குளிப்பாட்ட வேண்டாம். குறைந்தது 24 மணி நேரம் போகட்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது வேண்டாம். அறையைச் சூடாக்க மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டவே கூடாது. கரிப்புகையில் இருக்கும் நச்சு வாயுவுக்கு வாசனை இல்லை. கொடைக்கானலில் இப்படி அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள்.

தாய்க்குப் பூண்டுக் குழம்பும் பூண்டுப் பாலும் கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். மலைப்பூண்டு விளையும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. உணவாகத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால், பால் சுரக்க வைப்பது குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதுதான். அதோடு தண்ணீர், முட்டை, பருப்பு, கீரை, நல்ல தூக்கம்.

பிரசவம் முடிந்து இரண்டு நாளாவது மருத்துவமனையில் இருந்துவிட்டுத்தான் மலையேற வேண்டும். ‘வீட்டுக்குப் போனா நிம்மதி’ என்று அவசரப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்த பின் ரத்தப்போக்கு கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, மீண்டும் அதே 20 கிலோமீட்டர் இறங்கத் தயங்கக் கூடாது. ஒட்டி வைத்த தாளைப் பிரசவம் முடிந்ததும் கிழித்துவிட வேண்டாம். ஆறு வாரம் கதவுக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

பூம்பாறையின் தோட்டங்களில் எப்போது விதைப்பது, எப்போது மழை வரும், எந்த வாரம் பூண்டு எடுப்பது என்று நாள் தவறாமல் கணக்குப் போடுகிறார்கள். அதே கணக்கில் வீட்டுப் பெண்ணின் தேதியையும் சேர்த்துக்கொண்டால் போதும். வலி வரும்போது அவள் மலைப்பாதையில் இருக்க மாட்டாள். மருத்துவமனை வாசலுக்குப் பக்கத்தில் இருப்பாள்.